பிராண்ட் மாத்திரைச் செலவைக் குறைப்பது எப்படி? கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

அப்பாவுக்குச் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், அம்மாவுக்குத் தைராய்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து மாத்திரைச் செலவு மாதம் ஐந்தாயிரத்தைத் தாண்டுகிறது, கடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கிடையாது என்கிறார்கள், விலை குறைந்த வேறு கம்பெனி மாத்திரை கேட்டால் சீட்டில் எழுதியதைத்தான் தருவோம் என்கிறார்கள், என்ன செய்வது என்று மாத்திரைப் பட்டியலோடு கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநராகப் பல வருடம் மருந்துக் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தள்ளுபடி தேடி அலைவதை நிறுத்துங்கள். இருபது சதவீதம் தள்ளுபடி கிடைத்தால்கூட ஐந்தாயிரம் நாலாயிரம் ஆகும், அவ்வளவுதான். அதே மருந்தை வேறு பெயரில் வாங்கினால் சில மாத்திரைகளின் விலை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அந்த முடிவு கடையில் எடுக்கப்படுவதில்லை, டாக்டர் சீட்டு எழுதும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் நீங்கள் பேச வேண்டிய ஆள் டாக்டர்தான். கடைக்காரரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

கடைக்காரர் மறுத்ததில் தப்பும் இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆம் விதி இருக்கிறது. ஷெட்யூல் எச் மருந்துகளை, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளை, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது, அதே மூலப்பொருள் உள்ள வேறு பிராண்டாக இருந்தாலும் கூடாது என்று அது சொல்கிறது. நடைமுறையில் பல கடைகள் மாற்றிக் கொடுக்கத்தான் செய்கின்றன, ஆனால் அது எப்போதும் உங்களுக்கு லாபமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கையில் இருக்கும் சரக்கு, அவருக்கு அதிக லாபம் நிற்கும் சரக்கு என்று அவருடைய கணக்கு வேறு.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் பாதிக்கு மேல் அமெரிக்கக் கட்டுரைகள்தான் வரும், கம்பெனி கூப்பன், இன்சூரன்ஸ் பங்குத்தொகை என்று என்னென்னவோ சொல்வார்கள். அதில் எதுவும் நம் ஊருக்குப் பொருந்தாது. அங்கே பிராண்ட் மருந்து என்று பேசும்போது பெரும்பாலும் கண்டுபிடித்த கம்பெனியின் சொந்த மருந்தைச் சொல்கிறார்கள், காப்புரிமை முடிந்ததும் வெறும் மூலப்பெயரிலேயே, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரிலேயே, மற்றவர்களின் மருந்து வந்துவிடும். இந்தியாவில் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மருந்துக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பெயர் வைத்து, ரெப் எனப்படும் விற்பனைப் பிரதிநிதியை அனுப்பி, டாக்டரைப் பார்த்து விற்கிறது. உங்கள் அப்பாவின் பிரஷர் மருந்தான டெல்மிசார்டானைப் பத்துப் பதினைந்து பெயர்களில் நானே விற்றிருக்கிறேன். உள்ளே இருப்பது ஒன்று, அட்டையின் விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் எழுதினால் போதாது. மூலப்பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்று, மெதுவாகக் கரையும் வகை என்பதைக் காட்டும் ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அட்டையில் எத்தனை மாத்திரை, எம்.ஆர்.பி. எவ்வளவு, அப்படியானால் ஒரு மாத்திரை எவ்வளவு. கடைசிக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் சில அட்டையில் பத்து இருக்கும், சிலதில் பதினான்கு, சிலதில் பதினைந்து. அட்டை விலையை மட்டும் பார்த்து இது மலிவு அது அதிகம் என்று முடிவு செய்து ஏமாறுகிறவர்கள் நிறைய. மூலப்பெயரைக் கண்டுபிடிப்பது இப்போது கஷ்டமில்லை. 2018-ல் கொண்டுவந்த திருத்தப்படி, ஒற்றை மருந்து உள்ள மாத்திரைகளில் மூலப்பெயரை பிராண்ட் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். கலவை மாத்திரை என்றால் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும்" என்று ஆரம்பிக்கும் ஆங்கில வரியைப் படியுங்கள், கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால் தெரியும்.

அந்தத் தாளில் இன்னொரு பத்தி சேருங்கள்: அதே மருந்து, அதே அளவு, ஜன் ஔஷதி கடையில் என்ன விலை. மத்திய அரசின் இந்த மலிவு மருந்துக் கடைத் திட்டம் 2008-ல் ஆரம்பித்தது, ரொம்ப நாள் பெயருக்கு இருந்து, கடந்த பத்து வருடத்தில்தான் வளர்ந்தது. 2025 ஜனவரியிலேயே நாடு முழுக்க 15,000 கடையைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் பட்டியலில் 2,000-க்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. ஜன் ஔஷதி சுகம் என்று ஒரு செயலி இருக்கிறது, அதில் மூலப்பெயரைத் தட்டினால் விலையும் பக்கத்தில் எங்கே கடை இருக்கிறது என்பதும் வரும். நீங்கள் அங்கே வாங்கப் போவதில்லை என்றாலும் இந்த விலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தை நியாயமாக எவ்வளவுக்கு விற்க முடியும் என்பதற்கு அது ஒரு அளவு.

எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று கேட்டால், 2022-ல் சிட்டாகிளிப்டின் என்ற சுகர் மருந்தின் காப்புரிமை முடிந்ததும் அந்த செப்டம்பரில் ஜன் ஔஷதியில் சிட்டாகிளிப்டின் 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய் என்று கொண்டுவந்தார்கள். மெட்ஃபார்மின் 500 சேர்ந்த கலவை 65 ரூபாய். அப்போது வெளியே பிராண்டுகள் 162-லிருந்து 258 ரூபாய் வரை விற்றுக்கொண்டிருந்தன.

உங்கள் அப்பாவின் பட்டியலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மருந்து. ஐந்தாயிரத்தில் பெரிய பங்கு இதுவாகத்தான் இருக்கும். இதன் இந்தியக் காப்புரிமை 2025 மார்ச் 11-ஆம் தேதி முடிந்தது. அதுவரைக்கும் கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரை ஒன்று கிட்டத்தட்ட 60 ரூபாய். முடிந்த சில நாட்களிலேயே ஏகப்பட்ட இந்தியக் கம்பெனிகள் இறங்கின, சிலர் பத்து ரூபாய்க்கும் கீழே கொடுத்தார்கள். தினம் ஒன்று என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய் ஆனது 300 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் பழைய சீட்டையே மாதாமாதம் நீட்டி வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்த விலைக் குறைவு தெரியவே தெரியாது. டாக்டரும் பழைய பெயரையே எழுதுவார், கணினியில் போன தடவைச் சீட்டு அப்படியே வந்து நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, யாரும் கேட்கவில்லை அவ்வளவுதான். டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-ல், வில்டாகிளிப்டினுக்கு 2019 கடைசியில், லினாகிளிப்டினுக்கு 2023-ல், இதய பலவீனத்துக்குத் தரும் சாக்குபிட்ரில்-வால்சார்டானுக்கு 2023 தொடக்கத்தில் இதேதான் நடந்தது. சுகருக்கும் இதயத்துக்கும் கொஞ்சம் புது மருந்து எதையாவது மூன்று நான்கு வருடமாக ஒரே பெயரில் வாங்குகிறீர்கள் என்றால், காப்புரிமை முடிந்துவிட்டதா என்று ஒரு தடவை விசாரித்தே ஆக வேண்டும்.

இப்போது டாக்டரிடம் எப்படிக் கேட்பது. பலர் இதற்குத்தான் தயங்குகிறார்கள், அவர் கோபித்துக்கொள்வாரோ, நம்மிடம் காசில்லை என்று நினைப்பாரோ என்று. அந்தத் தயக்கத்துக்கு நாம் கொடுக்கிற விலை பெரிது. அந்தத் தாளை மேசைமேல் வைத்து, "டாக்டர், மாசம் ஐயாயிரம் ஆகுது, சமாளிக்க முடியலை. இதிலே எதெல்லாம் வேற கம்பெனிக்கு மாத்தலாம், எதை மாத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. மாத்தலாங்கிறதை மூலப்பெயரிலேயே எழுதிக் குடுங்க" என்று நேரடியாகச் சொல்லுங்கள். டாக்டர்கள் மருந்தை மூலப்பெயரில் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 2016-லேயே திருத்தம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் அதைக் கடுமையாக்கி ஒரு புது விதி கொண்டுவந்து அதே மாதமே நிறுத்திவைத்தார்கள், ஆனாலும் மூலப்பெயரில் எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. என் அனுபவத்தில், விலையைக் கண்ணெதிரே எழுதிக் காட்டினால் பெரும்பாலான டாக்டர்கள் மாற்றி எழுதவே செய்கிறார்கள். பல பேருக்குத் தாங்கள் எழுதும் மாத்திரையின் இன்றைய விலையே தெரியாது.

சில கிளினிக்குகளில் எழுதும் மாத்திரை அதே வாசலில் இருக்கும் கடையில் மட்டும்தான் கிடைக்கும், ஊர் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. அந்த மாதிரிச் சீட்டு வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பெயர்தான் வேறு எங்கும் இல்லை, உள்ளே இருக்கிற மருந்து எங்கேயும் கிடைக்கிற சாதாரண மருந்தாகத்தான் இருக்கும். ஒரு அட்டை மட்டும் வாங்கி, மூலப்பெயரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை அதை வைத்துக் கேளுங்கள். டாக்டர் சொன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

"ஜெனரிக் குடுங்க" என்று, அதாவது பெரிய பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்தைக் கொடுங்கள் என்று, கடையில் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரண மெடிக்கல் ஷாப்பில் ஜெனரிக் என்று எடுத்துக் கொடுப்பது பல நேரம் ரெப் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், நேரே கடைக்கு விற்கப்படும் சரக்கு. பெரிய கம்பெனிகளே அப்படி ஒரு தனி வரிசை வைத்திருக்கின்றன. கடைக்காரருக்கு அது ரொம்பக் குறைந்த விலையில் வரும், ஆனால் அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. மட்டும் பிராண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பேச்சுக்கு, அவருக்கு 20 ரூபாய்க்கு வந்த அட்டையில் 100 ரூபாய் போட்டிருக்கும், உங்களுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று 70-க்குக் கொடுப்பார், நீங்களும் சந்தோஷமாக வாங்கிப் போவீர்கள். நேர்மையான கடைக்காரர் அதையே 30-க்குக் கொடுப்பார், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஜெனரிக்கா இல்லையா என்று கேட்காமல், "ஒரு மாத்திரை என்ன விலைக்கு வருது?" என்று கேளுங்கள், உங்கள் தாளில் இருக்கும் ஜன் ஔஷதி விலையோடு ஒப்பிடுங்கள்.

அரசு விலைக் கட்டுப்பாடு இருக்கிறதே, அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று தோன்றும். 2013-ன் விலைக் கட்டுப்பாட்டு ஆணை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்குத்தான் உச்ச விலை வைக்கிறது. 2022-ன் பட்டியலில் 384 மருந்துகள். அந்த உச்ச விலையையும் தயாரிப்புச் செலவை வைத்துப் போடுவதில்லை. சந்தையில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்குள்ள எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டி சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். விலை அதிகமான பிராண்டுகளே சந்தையை ஆளும்போது சராசரியும் அதற்கேற்பத்தான் இருக்கும். பட்டியலில் இல்லாத மருந்து என்றால் கம்பெனி வருடத்துக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். கலவை மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் தனியாகப் பட்டியலில் இருக்கும், கிளிமிபிரைடு தனியாக இருக்கும், இரண்டையும் ஒன்றாக்கி ஒரு பெயர் வைத்தால் கணக்கு மாறிவிடும். தனித்தனியாக வாங்கினால் குறையுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் வயதானவர்களுக்கு மாத்திரை எண்ணிக்கை கூடினால் மறதியும் கூடும். மாதம் முப்பது ரூபாய் மிச்சத்துக்காக மூன்றை ஐந்தாக்காதீர்கள்.

தரம் பற்றிய பயம் உங்களுக்கும் இருக்கும், "விலை குறைஞ்ச மாத்திரை வேலை செய்யுமா?" என்று. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நியாயமான கேள்வி. நம் நாட்டில் தரமில்லாத மருந்து பிடிபடத்தான் செய்கிறது, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு மாதமும் தரத்தில் தேறாத தொகுப்புகளின் (பேட்ச்) பட்டியலை வெளியிடுகிறது. அதில் யாரும் கேள்விப்படாத கம்பெனியும் இருக்கும், பெரிய பெயர்களும் வந்திருக்கின்றன. ஒரு மாத்திரை உடம்பில் சேரும் விதம் மூல மருந்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையும் இங்கே எல்லா மருந்துக்கும் முதலிலிருந்தே கட்டாயமாக இருக்கவில்லை, கரைவதில் சிக்கலுள்ள வகைகளுக்கு 2017-ல்தான் கட்டாயமாக்கினார்கள். ஆனால் இந்தக் குறை விலை குறைந்த மாத்திரைக்கு மட்டும் உரியதல்ல, விலை அதிகமான பிராண்டுக்கும் அதே விதிதான். அட்டையைத் திருப்பி யார் தயாரித்தது, யார் விற்பது என்ற இரண்டு வரிகளைப் படித்துப் பாருங்கள். பெயர்பெற்ற பிராண்ட் பலவற்றை இமாச்சலத்திலோ உத்தரகாண்டிலோ சிக்கிமிலோ இருக்கும் வேறொரு ஆலைதான் செய்து கொடுத்திருக்கும், அதே ஆலை இன்னும் பல பெயர்களுக்கும் செய்கிறது. ஜன் ஔஷதிக்கு வரும் ஒவ்வொரு தொகுப்பும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சோதனைக்குப் பிறகுதான் கடைக்குப் போகிறது. மாற்றிய பிறகு வேலை செய்கிறதா என்று பார்க்கும் வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பிரஷர் மாத்திரை மாற்றினால் இரண்டு மூன்று வாரம் காலையில் பிரஷர் பார்த்து எழுதுங்கள், சுகருக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பாருங்கள், மூன்று மாதத்தில் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். எண் மாறவில்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிராக, விலையைப் பார்த்து மாற்றவே கூடாத மருந்துகள் உண்டு. அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து தரக்கூடியவை: வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், கார்பமாஸெபைன், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மனநலத்துக்குத் தரும் லித்தியம், சிறுநீரக மாற்று செய்தவர்களின் டாக்ரோலிமஸ், இதயத்துக்கான டிகாக்சின். இவற்றை ஒரே கம்பெனியில் நிலையாக வாங்குவது நல்லது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து, ரத்தப் பரிசோதனையோடு. மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று இருக்கவே கூடாது. இன்ஹேலர்களும் அப்படித்தான், மருந்து ஒன்றாக இருந்தாலும் இழுக்கும் கருவி வேறாக இருந்தால் பழகியவர்களுக்கு மருந்து நெஞ்சுக்குள் போகாது. எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்ற எழுத்துகளைத் தாளில் எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். பிரஷருக்குத் தரும் மெட்டோப்ரோலால் டார்ட்ரேட்டும் மெட்டோப்ரோலால் சக்சினேட்டும் ஒரே பெயரில் ஆரம்பித்தாலும் ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட முடியாது. பெரிய மில்லிகிராம் மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்தால் மலிவு என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நடுவில் கோடு போட்ட மாத்திரைக்கு, டாக்டர் சொன்னால் சரி. மெதுவாகக் கரையும் வகையையும், வயிற்றில் கரையாமல் இருக்க மேல்பூச்சு போட்ட வகையையும் உடைத்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும், இல்லை வேலையே செய்யாது.

இன்சுலினைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை, உங்கள் அப்பாவுக்கு இப்போது தேவையில்லை என்றாலும் படிக்கிற யாருக்காவது உதவும். பேனாவை விட்டுக் குப்பிக்கு மாறினால் செலவு நன்றாகக் குறையும், ஆனால் இங்கே குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100 யூனிட். 40-க்கு உண்டான ஊசி வேறு, 100-க்கு உண்டான ஊசி வேறு. மாற்றி உபயோகித்தால் அளவு இரண்டரை மடங்கு தவறும். கடையில் குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் வைத்து எண் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியது, கூட்டுறவுத் துறை வழியாக நடக்கின்றன, ஜெனரிக் மருந்துகள் வெளிச்சந்தையைவிட 75 சதவீதம் வரை குறைவு. ஜன் ஔஷதியில் ஒரு மருந்து இருப்பில் இல்லை என்றால் இங்கே பாருங்கள், இங்கே இல்லை என்றால் அங்கே. இருப்பு இல்லாமல் போவது இரண்டிலும் நடக்கிறது, அதனால் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்விடுங்கள். இன்னொன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையம். நடுத்தரக் குடும்பங்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, எனக்கு அது வருத்தம். 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, சோதனை செய்து அனுப்பும் மருந்துகள் அவை, இந்த முறையைப் பார்த்து வேறு மாநிலங்களும் பின்பற்றின. மெட்ஃபார்மின், அம்லோடிபின், அடோர்வாஸ்டாட்டின் மாதிரி அடிப்படை மாத்திரைகள் காசில்லாமல் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தவர்களுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எல்லாவற்றையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்றில்லை. தனியார் டாக்டரைப் பார்த்துக்கொண்டே, அடிப்படை மாத்திரைகளை அரசில் வாங்கி, அங்கே இல்லாத ஒன்றிரண்டை மட்டும் காசு கொடுத்து வாங்கும் குடும்பங்கள் நிறைய.

ஆன்லைன் கடைகளில் தள்ளுபடி உண்மையாகவே கொஞ்சம் கூடுதல்தான், அதே மூலப்பெயரில் வேறு என்ன கம்பெனிகள் இருக்கின்றன என்று காட்டுவது இன்னும் பயன். ஆனால் காலாவதித் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள், இன்சுலின் மாதிரி குளிரில் இருக்க வேண்டியதை அங்கே வாங்க நான் சொல்ல மாட்டேன். பில் இல்லாமல் நம்ப முடியாத விலைக்கு பிராண்ட் மாத்திரையை யாராவது கொடுத்தால் வேண்டாம், போலியாக இருக்கலாம். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் கோடு கட்டாயம், ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், தொகுப்பு எண், காலாவதி எல்லாம் அட்டையோடு பொருந்த வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, எம்.ஆர்.பி.க்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்பதால் அதற்குமேல் தனியாக வரி போட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வேறு கம்பெனியே இல்லாத, காப்புரிமையில் இருக்கும் மருந்து என்றால், குறிப்பாகப் புற்றுநோய் மருந்துகள், வழி கொஞ்சம் வேறு. அந்த மருந்துகளில் எம்.ஆர்.பி.க்கும் கடைக்கு வரும் விலைக்கும் இடைவெளி மிகப் பெரிது, 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதே இதனால்தான். சோராஃபெனிப் என்ற மருந்து மாதம் 2,80,000 ரூபாய் விற்றது, 2012-ல் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக் கம்பெனியின் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி, கொடுத்து ஒரு இந்தியக் கம்பெனி தயாரித்தபோது 8,880 ரூபாய்க்கு வந்தது. அதனால் இந்த வகை மருந்தை எம்.ஆர்.பி.யில் வாங்காதீர்கள், இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், கம்பெனிக்கு நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று டாக்டரிடமும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். பலவற்றுக்கு இருக்கிறது, நாமாகக் கேட்டால்தான் படிவம் தருவார்கள். கூடவே 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு இப்போது ஜிஎஸ்டி முழுக்க இல்லை.

கவுன்ட்டரில் நிற்கும்போது என்னை ரொம்ப உறுத்தியது ஒரே விஷயம். சீட்டில் முப்பது நாளுக்கு எழுதியிருக்கும், "பத்து நாளைக்கு மட்டும் குடுங்க" என்பார்கள், அடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும். இடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருப்பார்கள், இல்லை நிறுத்தியே விட்டிருப்பார்கள். அவர்களில் சிலரைப் பக்கவாதத்தோடு, சிலரை டயாலிசிஸ் சீட்டோடு திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த அறுபது ரூபாய் மாத்திரைக்குப் பதிலாக ஆறு ரூபாய் மாத்திரை இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதனால் உங்கள் அப்பா செலவைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறாரா என்பதை முதலில் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அட்டைகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும். குறைத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மாத்திரை போதவில்லை என்று நினைத்து அவர் இன்னொன்றைச் சேர்ப்பார்.

சீட்டில் இருக்கும் சத்து மாத்திரைகளையும் அதே பேச்சில் முடித்துவிடுங்கள். மல்டிவிட்டமின், கால்சியம், புரோபயாடிக், எப்போதோ வாயுத் தொந்தரவுக்கு எழுதி நிறுத்தாமலே ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் மாத்திரை. இவை பல நேரம் பிரஷர் மாத்திரையைவிட விலை அதிகம். "இதிலே கட்டாயம் வேணுங்கிறது எது டாக்டர்?" என்று கேட்டால் குறைந்தது இரண்டு மாத்திரையாவது குறையும். ஆனால் மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு, அதை நீங்களாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யுங்கள்.

அம்மாவின் தைராய்டு மாத்திரையை மட்டும் அப்படியே விடுங்கள். லெவோதைராக்சினும் நான் மேலே சொன்ன, அளவு பிசகக் கூடாத வகைதான், கம்பெனி மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், அந்தப் பரிசோதனைச் செலவே மிச்சத்தைத் தின்றுவிடும். மாதம் நூறு ரூபாய்க்குள் முடிகிற மருந்து அது. இப்போது வாங்குகிற கம்பெனியிலேயே தொடர்ந்து வாங்கி, வெறும் வயிற்றில், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் நான்கு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.